லாச்சிச் சாவி, அதாவது காசுப் பெட்டியின் சாவி, யாரிடம் இருக்க வேண்டும்?

கொழும்பு, பழைய சோனகத் தெருவில் 22 வருடம் ஹாட்வெயார் கடை வைத்திருந்தேன். இப்போது சிறு கடைக்காரர்களுக்குக் கணக்கு ஒழுங்குபடுத்திக் கொடுக்கிறேன். கடையில் நேரம் எங்கே போகிறது என்பதைப் பற்றிக் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.

கொட்டாஞ்சேனை, பலசரக்குக் கடை: அண்ணா, காலை 6 மணிக்குத் திறந்து இரவு 10 மணிக்குப் பூட்டுகிறேன். ஒரு வேலையும் முடிந்த மாதிரி இல்லை. எங்கே தொடங்குவது?

தம்பி, உடனே எதையும் மாற்றாதீர்கள். ஒரு கொப்பியில் ஏழு நாளைக்கு, அரை மணிக்கு ஒரு தடவை என்ன செய்தீர்கள் என்று எழுதுங்கள். பலசரக்குக் கடைகளில் நான் அதிகம் பார்த்தது கொள்முதல் அலைச்சல்தான். இன்று சீனி முடிந்தது, நாளை பருப்பு முடிந்தது என்று நான்காம் குறுக்குத் தெருவுக்கு ஓடுகிறோம். தூரம் பெரிதில்லை. ஆனால் புறக்கோட்டை நெரிசல், விலை பேசுவது, சாமான் ஏற்றுவது எல்லாம் சேர்ந்தால் ஒன்றரை மணி நேரம் போய்விடும். வாரம் ஆறு தடவை என்றால் 9 மணி நேரம். இரண்டே தடவை, இரண்டு மணி நேரம் ஆறுதலாக நின்று வாங்கினால் 4 மணி நேரம்தான். இதற்குக் கீழே போனால் வாங்க வேண்டும் என்ற அளவை ஒவ்வொரு சாமானுக்கும் இறாக்கையிலேயே எழுதி ஒட்டுங்கள். வெள்ளி மதியம் ஜும்ஆவுக்காகப் பல மொத்தக் கடைகள் மூடியிருக்கும். திங்களும் வியாழனும் நல்லது. அன்று போயா (பௌர்ணமி விடுமுறை) வந்தால் முதல் நாளே போய்விடுங்கள்.

வெள்ளவத்தை, புடவைக் கடை: நேரத்தைத் திட்டமிட எந்த ஆப் நல்லது?

கொப்பி போதும்.

வெள்ளவத்தை, தையல்: "முடிஞ்சுதா அக்கா?" என்று நாள் முழுக்க வாட்ஸ்அப் வருகிறது. ஊசியை வைத்துவிட்டுப் பதில் போடவே நேரம் சரி.

தங்கச்சி, ஓடர் எடுக்கும்போதே பில்லில் தேதியை எழுதிக் கொடுங்கள், அதுவும் நீங்கள் நினைப்பதைவிட இரண்டு நாள் தள்ளி. மதியம் ஒரு தடவை, மாலை ஒரு தடவை பதில் போடுவேன் என்று சொல்லிவிடுங்கள். தேதி தவறாவிட்டால் யாரும் கோபிக்க மாட்டார்கள்.

மருதானை, பேக்கரி: மாத முடிவில் சம்பளக் கணக்கிலேயே இரண்டு நாள் போகிறது. வருமான வரியும் இருக்கிறது.

ஊழியரிடம் 8 சதவீதம், உங்களிடம் 12 சதவீதம் சேமலாப நிதிக்கு. அதற்கு மேல் உங்களிடமே 3 சதவீதம் நம்பிக்கை நிதிக்கு. அடுத்த மாதம் முடிவதற்குள் கட்ட வேண்டும், பிந்தினால் மேலதிகக் கட்டணம். ஊழியர் வேலைக்கு வந்த நாளையும் வாங்கிய முற்பணத்தையும் தினமும் எழுதினால் மாத முடிவில் ஒரு மணி நேரம் போதும். வரிக்கு நல்ல கணக்காளரைப் பிடியுங்கள். வரி விபரத்திரட்டு கொடுக்கும் கடைசி நாளான நவம்பர் 30 வரை காத்திருக்காதீர்கள்.

தெமட்டகொடை, போன் கடை: அண்ணா, ஏதாவது ஆப்...

மேலே சொல்லிவிட்டேன், தம்பி.

கொட்டாஞ்சேனை, பாமசி: லாச்சியை விட்டு எழும்பவே முடியவில்லை.

எழும்ப வேண்டும். இதே சிக்கலை யார் சொன்னாலும் நான் முதலில் சொல்வது இதைத்தான். சாவி உங்கள் இடுப்பில் இருக்கும் வரை நீங்கள் முதலாளி இல்லை, காசாளர்.

செட்டியார் தெரு, நகைக்கடை: இதை ஒத்துக்கொள்ள முடியாது. பெடியனை நம்பி லாச்சியைக் கொடுத்தேன். மூன்று மாதத்தில் 80,000 ரூபாய் போய்விட்டது.

உங்கள் நட்டம் எனக்கு விளங்குகிறது, ஐயா. ஒன்று கேட்கிறேன்: அது தெரிய ஏன் மூன்று மாதம் ஆனது? காலையில் எண்ணிக் கொடுத்து, இரவில் பில் புத்தகத்தோடு ஒப்பிட்டிருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும். காசைக் காப்பது எண்ணிக்கை. நீங்கள் அங்கே உட்கார்ந்திருப்பது அல்ல.

செட்டியார் தெரு, நகைக்கடை: அவன் பில்லே போடாமல் விற்றால்?

சரியான கேள்வி. அதற்குத்தான் இலக்கமிட்ட பில்லும் சரக்கு எண்ணிக்கையும். உங்கள் தொழிலில் தட்டுத் தட்டாக இரவில் எண்ணியே ஆக வேண்டும். பலசரக்கில் முடியாது, அங்கே தினம் ஐந்து சாமானை மட்டும் மாற்றி மாற்றி எண்ணலாம். நான் எட்டு வருடம் லாச்சியை விட்டு எழும்பவில்லை. 200 ரூபாய் களவு போகக்கூடாது என்று இருந்தேன். பின்னறையில் கூரை ஒழுகி 40 மூட்டை சீமெந்து இறுகிக் கட்டியாகிவிட்டது. போய்ப் பார்க்க எனக்கு நேரம் இருக்கவில்லை.

கொட்டாஞ்சேனை, பாமசி: மனைவியை இருத்தலாமா?

இருத்தலாம். ஆனால் அவருடைய மணித்தியாலங்களையும் கொப்பியில் எழுதுங்கள். சமையல், பிள்ளைகளின் படிப்பு, அதற்கு மேல் கடை என்றால் உங்கள் பாரம் அவருக்கு மாறுகிறது, அவ்வளவுதான். மருந்தாளர் வேலையை மட்டும் யாருக்கும் மாற்றாதீர்கள்.

செட்டியார் தெரு, நகைக்கடை: சரி, ஒரு மாதம் செய்து பார்க்கிறேன். முதலில் எவ்வளவு நேரம் விடுவது?

மதியம் ஒரு மணி நேரம். கடைக்குள்ளேயே இருங்கள், ஆனால் லாச்சிக்குப் பின்னால் இருக்காதீர்கள்.