இளங்கலையில் வேதியியல், முதுகலையில் பயன்பாட்டு வேதியியல்

கேள்வி: என் மகள் பாலக்கோட்டில் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். பயன்பாட்டு வேதியியல் படிக்க ஆசைப்படுகிறாள். டீச்சர் வேலையை விட்டால் அதில் வேறு என்ன இருக்கிறது? வேலைக்கு வெளியூர்தான் போக வேண்டுமா?

பதில்: போக வேண்டியதில்லை. உங்கள் ஊர் கூட்டுறவு சர்க்கரை ஆலையில் அரவை நடக்கும் நாட்களில் கரும்புச் சாற்றின் பிரிக்ஸையும் (சாற்றில் கரைந்திருக்கும் திடப்பொருளின் அளவு) சர்க்கரை அளவையும் லேப்பில் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலைகளில் பிரிக்ஸும் புளிப்பும் சரியாக இல்லாமல் சரக்கு வெளியே போகாது. தருமபுரி, கிருஷ்ணகிரி இரு மாவட்டங்களிலும் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம், லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினால் குடிக்க ஏற்றதல்ல. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே அதற்காகத்தான் வந்தது. தண்ணீரைப் பரிசோதிக்கும் வேலை என்றைக்கும் இருக்கும்.

ஓசூரைத் தனியாகச் சொல்ல வேண்டும். வண்டி உதிரிபாகங்கள் செய்யும் இடத்தில் முலாம் பூசும் வேலையும் இருக்கும். குரோமியம் முலாம் பூசிய கழிவுநீரில் ஆறு இணைதிறன் குரோமியம் இருக்கும், அது கடும் நஞ்சு. அமிலம் விட்டு பி.எச்.சை, அதாவது அமில கார அளவை, 2, 3 அளவுக்கு இறக்கி, சோடியம் மெட்டாபைசல்ஃபைட் சேர்த்தால் அது மூன்று இணைதிறனுக்கு மாறும். அப்புறம் சுண்ணாம்பு போட்டு 8, 9க்கு ஏற்றினால் ஹைட்ராக்சைடாக அடியில் படியும். பி.எச். பிசகினால் குரோமியம் தண்ணீரோடு வெளியேறிவிடும். வகுப்பில் படிக்கும் ஆக்சிஜனேற்ற ஒடுக்க வினைதான் இது, ஆனால் இங்கே ஊர்த் தண்ணீரைக் காக்கிறது. இந்தப் படிப்பை நான் இவ்வளவு மதிப்பதற்கு இதுவே காரணம்.

மருந்துக் கம்பெனி, பெயின்ட், பேட்டரி எல்லாவற்றிலும் தரப் பரிசோதனைக்கு ஆள் எடுக்கிறார்கள். தொடக்கச் சம்பளம் குறைவு, ஷிப்டும் இருக்கும். கலவையில் உள்ளதைப் பிரித்து அளக்கும் ஹெச்.பி.எல்.சி. போன்ற கருவியைத் தானே இயக்கத் தெரிந்தவருக்கு நிலைமை சீக்கிரம் மாறும்.

சரி, எதில் சேர்ப்பது? என் யோசனை: மூன்று வருட பி.எஸ்சி.யை வெறும் வேதியியலில் முடிக்கட்டும், எம்.எஸ்சி.யில் பயன்பாட்டு வேதியியலுக்குப் போகட்டும். பட்டத்தின் பெயர் மாறினால் அரசு ஆசிரியர் பணிக்கு இணைத்தன்மை அரசாணை, அதாவது அது வேதியியல் பட்டத்துக்குச் சமம் என்று சொல்லும் அரசாணை, கேட்பார்கள். எம்.எஸ்சி. சேரும் முன் அந்தப் பட்டத்துக்கு அரசாணை இருக்கிறதா என்று பாருங்கள். ஐ.ஐ.டி.யில் எம்.எஸ்சி. படிக்க ஜாம் தேர்வு உண்டு. ஆராய்ச்சி என்றால் காரைக்குடியில் சிக்ரி என்னும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம், சென்னையில் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம்.

கல்லூரியில் சேர்க்கும் முன் லேப்பைப் போய்ப் பாருங்கள். மாணவர்கள் கருவியைத் தொடுகிறார்களா, கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்கிறார்களா என்று மூன்றாம் வருடப் பிள்ளைகளிடமே கேளுங்கள். துணைப்பாடமாகக் கணிதம் கிடைத்தால் விட வேண்டாம், எம்.எஸ்சி.யில் குவாண்டம் வேதியியல் வரும்போது அது கைகொடுக்கும்.