துவக்கு வைத்திருப்பவர் பொறுப்பு: கேள்வி பதில்

இலங்கையில் கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், துவக்கு அனுமதிப் பகுதியில் வேலை செய்து ஓய்வு பெற்றவன் நான். தெரிந்ததைச் சொல்கிறேன்.

நெடுங்கேணி: அப்பா போன மாசம் தவறிவிட்டார். அவருடைய துவக்கை வயல் காவலுக்கு நான் பாவிக்கலாமா ஐயா?

இல்லைத் தம்பி. அனுமதிப் பத்திரம் ஆளுக்கு, வீட்டுக்கு இல்லை. துவக்கைப் பொலிசில் ஒப்படைத்துவிட்டு, கச்சேரியில் உங்கள் பெயருக்கு விண்ணப்பம் போடுங்கள்.

மல்லாவி: வற்றாப்பளைப் பொங்கலுக்கு ட்ராக்டரில் போகிறோம். வழியில் யானை நிற்கும். துவக்கைக் கொண்டு போகலாமா?

வேண்டாம். உங்களுக்குத் தந்தது பயிர் காவலுக்கு. அதைச் சனத்துக்குள் தூக்கிக்கொண்டு போக யாரும் அனுமதி தரவில்லை. யானையோ 1937ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்தே பாதுகாக்கப்பட்ட விலங்கு. யானை வெடி வேண்டுமென்றால் வனசீவராசிகள் அலுவலகத்தில் கேளுங்கள்.

ஒட்டுசுட்டான்: பன்றி ஒரே இரவில் அரை ஏக்கர் கச்சானை உழுதுவிட்டது. என் காணிக்குள் கட்டுத்துவக்கு, நூலில் கால் பட்டால் தானாக வெடிக்கிறது, கட்டியிருக்கிறேன். களவாக வந்தவன் காயப்பட்டால் அது அவன் பிழைதானே?

இல்லை. உங்கள் பிழைதான். முதலில், அனுமதியில்லாத துவக்கு வைத்திருப்பதே 1916ஆம் ஆண்டுச் சுடுகலன் சட்டப்படி குற்றம், 1996இல் அதன் தண்டனைகளை இன்னும் கடுமையாக்கினார்கள். அடுத்தது, ஆள் செத்தால் தண்டனைச் சட்டக்கோவை 298, அதாவது அசட்டையால் உயிர் போனதற்கு 5 வருடம் வரை மறியல். ஆள் நடக்கிற இடம் என்று தெரிந்தே கட்டினீர்கள் என்று வழக்குத் தொடுப்பவர் காட்டினால் 297க்கு, அதாவது கொலை என்ற அளவுக்கு வராத ஆட்கொலைக்குப் போய்விடும், அது இதைவிடப் பாரதூரம்.

என் பக்கத்துக் காணிக்காரர் தேன் எடுக்கப் போனவர். முழங்கால் உயரத்தில் நைலோன் நூல், புல்லோடு புல்லாக, பனி வேறு. நான் ஓடிப்போனபோது கெண்டைக்காலில் சதையே இல்லை, சாரத்தைக் கிழித்துக் கட்டினேன், பிறகு காலை எடுத்துவிட்டார்கள். கட்டினவர் அவருடைய மச்சான்.

அதே ஆள்: அண்ணை, அப்ப தற்காப்பு என்று ஒன்று இல்லையா? விவசாயி சாகிறதா?

தற்காப்பு இருக்கிறது. ஆனால் உங்களுக்கு ஆபத்து வருகிறது என்ற நியாயமான பயம் அந்த நேரத்தில் எழ வேண்டும். நீங்கள் வீட்டில் நித்திரை, நூல் தனியாக நிற்கிறது, பயப்பட்டது யார்? பன்றியா, கள்ளனா, மாடு தேடி வந்த சின்னப் பொடியனா என்று நூலுக்குத் தெரியாது. கச்சான் போன நோவு எனக்கும் தெரியும், நானும் கச்சான் செய்தவன். கொட்டில் போட்டு, ரோர்ச் அடித்து, தகரம் தட்டிக் காவல் இருந்தேன். நித்திரை கெடும்தான்.

துணுக்காய்: அண்ணனின் துவக்கை நான் ஒரு இரவு மட்டும்...

மேலே நெடுங்கேணித் தம்பிக்குச் சொன்னதை வாசியுங்கள். ஆளுக்கு, வீட்டுக்கு இல்லை.

மாங்குளம்: புதுப்பிக்க எப்போது?

வருடா வருடம், டிசம்பர் 31க்குள். ஜனவரியில் வந்து அழாதீர்கள்.

முத்தையன்கட்டு: காடு வெட்டும்போது துருப்பிடித்த துவக்கு ஒன்று கிடந்தது, பக்கத்தில் ஏதோ பெட்டியும்.

தொடாதீர்கள். அடையாளம் வைத்துவிட்டு வந்த வழியாலேயே திரும்பி 119க்கு அடியுங்கள்.

ஒட்டுசுட்டான்: சரி அண்ணை, கழற்றுகிறேன்.

தனியாகக் கை வைக்காதீர்கள், பொலிசுக்குச் சொல்லுங்கள். அவர்கள் வரும்வரை அந்தப் பக்கம் யாரையும் விடாதீர்கள், பக்கத்துக் காணிக்காரருக்கு இப்பவே போன் எடுங்கள்.