நாலு யூனிட் கூட்டிப் போடலாமா, சிஸ்டர்?

கேள்வி: நர்சிங் டிப்ளமோ முடித்து, ஒரு தனியார் ஆஸ்பத்திரி வார்டில் சில வருடம் இருந்துவிட்டு, இப்போது வீடு வீடாகப் போய் சுகர் நோயாளிகளைப் பார்க்கும் வேலையில் சேர்ந்திருக்கிறேன். ஒரு வீட்டில் 68 வயது அம்மா. 30/70 இன்சுலின் (சீக்கிரம் வேலை செய்வது 30 பங்கு, மெதுவாக வேலை செய்வது 70 பங்கு கலந்தது), காலையும் இரவும் 20 யூனிட். நான் போகாத நாட்களில் மருமகள் போடுகிறார். வெறும் வயிற்றில் ஒருநாள் 320, இன்னொரு நாள் 62. "டாக்டர் போனை எடுக்கல, நீங்களே நாலு யூனிட் கூட்டிப் போடுங்க சிஸ்டர்" என்று மகன் நச்சரிக்கிறார். அத்தை திருட்டுத்தனமாக இனிப்பு சாப்பிடுகிறார், கண்டியுங்கள் என்கிறார் மருமகள். என்ன செய்யட்டும்?
– பெயர் வேண்டாம், திண்டுக்கல்

பதில்: கூட்டாதீர்கள் சகோதரி. அளவை மாற்றுவது டாக்டர் வேலை, அவர் போனில் சொன்னாலும் வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கிக்கொண்டுதான் நீங்கள் மாற்ற வேண்டும். சட்டம் ஒருபக்கம் இருக்கட்டும். இப்படி ஏறி இறங்குகிற சுகருக்கு நாலு யூனிட் கூட்டினால், 320 வருகிற நாளில் பெரிதாக ஒன்றும் நடக்காது, 62 வருகிற நாளில் அந்த அம்மா காலையில் கண் திறக்காமலே கிடக்கலாம். இதை மகனிடம் இப்படியே சொல்லுங்கள், புரியும்.

வார்டில் மருந்தும் சாப்பாடும் நேரத்துக்கு வந்துவிடும், நமக்கு சார்ட்டைப் பார்த்தால் போதும். வீட்டில் அது எல்லாமே அடுப்படியிலும் ஃபிரிட்ஜிலும் கட்டிலுக்கடியிலும் கிடக்கிறது. அதனால் அடுத்த முறை போகும்போது நீங்கள் ஊசி போடாதீர்கள், மருமகளைப் போடச் சொல்லிவிட்டுப் பக்கத்தில் நின்று பாருங்கள்.

முதலில் சிரிஞ்ச். நம் ஊர் மருந்துக்கடையில் விற்கும் இன்சுலின் பாட்டில் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட், அதற்கு சிவப்பு மூடி சிரிஞ்ச். இன்சுலின் பேனாவுக்குள் போடும் மருந்துக் குப்பியான கார்ட்ரிட்ஜ் ஒரு மில்லிக்கு 100 யூனிட், 100க்கான சிரிஞ்சுக்கு ஆரஞ்சு மூடி. கடையில் சிவப்பு இல்லையென்று ஆரஞ்சைக் கொடுத்து விடுவார்கள், வீட்டில் யாருக்கும் தெரியாது. 40 பாட்டிலிலிருந்து ஆரஞ்சு சிரிஞ்சில் 20 கோடு இழுத்தால் உள்ளே போவது வெறும் 8 யூனிட். கார்ட்ரிட்ஜிலிருந்து சிவப்பு சிரிஞ்சில் 20 கோடு இழுத்தால் 50 யூனிட்! வீட்டில் இரண்டு விதமும் கலந்து கிடந்தால் உங்கள் 320க்கும் 62க்கும் வேறு காரணமே தேட வேண்டாம்.

அப்புறம் பாட்டிலை உருட்டுகிறாரா என்று பாருங்கள். 30/70 கலங்கல் மருந்து, உள்ளங்கைகளுக்கு நடுவில் மெதுவாக உருட்டி, கவிழ்த்து நிமிர்த்தி, பால் மாதிரி ஒரே சீராக வெளுத்த பிறகுதான் இழுக்க வேண்டும். ஃப்ரீசரை ஒட்டி வைத்து ஒருமுறை உறைந்துபோன பாட்டில் என்றால் குப்பையில் போடுங்கள். அதோடு அந்த அம்மாவின் வயிற்றைத் தடவிப் பாருங்கள், தொப்புளுக்குப் பக்கத்தில் கெட்டியாகக் கட்டி மாதிரி தட்டுப்படும். வலிக்காது என்பதால் அங்கேயே திரும்பத் திரும்பக் குத்திக்கொண்டிருப்பார்கள். அந்த இடத்தில் போட்ட மருந்து ஒருநாள் இறங்கும், ஒருநாள் இறங்காது. ஆனால் இடத்தை மாற்றியதும் அதே 20 யூனிட் முழுசாக வேலை செய்து சுகர் சட்டென்று இறங்கலாம், ஆகவே டாக்டரிடம் சொல்லிவிட்டு மாற்றுங்கள்.

மாத்திரை டப்பாவையும் தரையில் கொட்டிப் பாருங்கள். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து கொடுத்த சுகர் மாத்திரை ஒருபக்கம், தனியார் டாக்டர் எழுதியது ஒருபக்கம், பெயர் வேறு மருந்து ஒன்று என்று தெரியாமல் இரண்டையும் விழுங்குகிற வீடுகள் உண்டு. இரவு ஊசியை ஏழு மணிக்கே போட்டுவிட்டு, சீரியல் எல்லாம் முடிந்து ஒன்பது மணிக்கு இரண்டு இட்லி சாப்பிடுகிறாரா என்றும் விசாரியுங்கள். பாட்டிலில் வரும் 30/70 என்றால் ஊசி போட்ட அரை மணிக்குள் தட்டு முன்னால் இருக்க வேண்டும்.

இனிப்பு விஷயத்துக்கு வருகிறேன். கண்டிக்க வேண்டாம், மருமகள் இல்லாத நேரம் பார்த்து, "ராத்திரி வேர்த்துக்கொட்டி, படபடன்னு வந்து முழிப்பு வருதாம்மா?" என்று கேளுங்கள். ஆமாம் என்றால் அவர் திருடித் தின்னவில்லை, லோ சுகருக்குத் தனக்குத்தானே வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்கிறார். (வயதானவர்களை வீட்டில் போலீஸ் மாதிரி துரத்துவதால் வரும் வினை இது.) சர்க்கரை டப்பாவை ஒளிக்காமல் கட்டில் பக்கத்தில் வைக்கச் சொல்லுங்கள். 70க்குக் கீழே போனால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு, 15 நிமிடம் கழித்துத் திரும்பச் செக் பண்ண வேண்டும், ஏறவில்லை என்றால் இன்னொரு முறை. மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, 108தான். மருமகளுக்கு இதை ஒருமுறை செய்து காட்டிவிடுங்கள்.

பார்த்ததையெல்லாம் ஒரு நோட்டில் எழுதுங்கள், என்ன சுகர், எத்தனை மணிக்கு ஊசி, எத்தனை மணிக்குச் சாப்பாடு. அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து டாக்டருக்கு அனுப்புங்கள், வெறும் மிஸ்டு காலைவிட அதற்குப் பதில் சீக்கிரம் வரும். உங்களை வேலைக்கு அனுப்புகிற நிறுவனத்திடமும், டாக்டர் எடுக்காதபோது யாரைக் கூப்பிடுவது, சுகர் எவ்வளவு இருந்தால் ஊசியை நிறுத்தி வைப்பது என்பதை எழுத்தில் கேளுங்கள். தர மறுத்தால் வேறு இடம் தேடுங்கள், இந்த வேலைக்கு இப்போது ஆள் தட்டுப்பாடுதான்.