தடுப்புச் சுவரை அலை தாண்டும்போது: பேரிடர்த் திட்டங்களின் எல்லை

2011 மார்ச் 11 அன்று வடகிழக்கு ஜப்பானைத் தாக்கிய சுனாமியை முன்வைத்து வாசகர்கள் கேட்ட கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும்.

கேள்வி: அத்தனை முன்னேற்பாடு இருந்த ஜப்பானிலேயே பல்லாயிரம் பேர் இறந்தார்கள் என்றால், திட்டமிடுவதால் என்ன பயன்?

பயன் உண்டு, ஆனால் எந்தத் திட்டமும் ஏதேனும் ஓர் அளவை வைத்தே வகுக்கப்படுகிறது. 1896, 1933 ஆகிய ஆண்டுகளில் சுனாமியால் அழிந்த தாரோ என்னும் ஊர், 10 மீட்டர் உயரத்தில் சுவர் எழுப்பிக்கொண்டது. 2011இல் அலை அதையும் தாண்டி உள்ளே வந்தபோது, சுவரை நம்பி வீட்டிலேயே இருந்தவர்களும் பலியானார்கள்.

கேள்வி: முன்னெச்சரிக்கை விடுக்கப்படவில்லையா, ஐயா?

நிலம் அதிர்ந்த 3 நிமிடங்களில் விடுக்கப்பட்டது. நிலநடுக்கத்தின் அளவு 7.9 என்று முதலில் கணித்ததால், இவாத்தே மாகாணத்துக்கு 3 மீட்டர் அலை வரும் என்றார்கள். உண்மையான அளவு 9.0. பின்னர் எச்சரிக்கை உயர்த்தப்பட்டாலும், மின்சாரம் போயிருந்த ஊர்களில் அந்தத் திருத்தம் பலரை எட்டவில்லை.

கேள்வி: நான் பள்ளி ஆசிரியை. மாணவர்களுக்கு ஒத்திகை நடத்தினால் போதுமா?

எதை ஒத்திகை பார்க்கிறோம் என்பதைப் பொறுத்தது, அம்மா. கமாஇஷி நகரின் உனோசுமாய் பகுதியில், ஒத்திகை ஆபத்தில் தள்ளியதும் கற்பித்த பாடம் உயிர் காத்ததும் இரண்டுமே நடந்தன. அங்கிருந்த பேரிடர்த் தடுப்பு மையம் சுனாமிக்கான புகலிடமாக அறிவிக்கப்பட்டதன்று. இருந்தும், மக்கள் வந்து சேர வசதியான இடம் என்பதால் ஒத்திகைகள் அங்கே நடத்தப்பட்டிருந்தன. அன்று அங்கே ஓடிய பலர் உள்ளேயே மூழ்கி இறந்தார்கள். திட்டம் வகுப்போர் எல்லோரும் முதலில் படிக்க வேண்டியது இதைத்தான் என்பேன். அதே பகுதியின் தொடக்கப்பள்ளியும் நடுநிலைப்பள்ளியும் அபாய வரைபடத்தில் வெள்ள எல்லைக்கு வெளியே இருந்தன. ஆனால் பேராசிரியர் தோஷிதாகா கதாதா அந்நகரப் பள்ளிகளில், வரைபடத்தின் கணிப்பை நம்பிவிடாதீர்கள் என்றே கற்பித்து வந்தார். பிள்ளைகள் முதலில் சேர்ந்த இடமும் பாதுகாப்பானதன்று என்று கண்டு, சிறுவர்களின் கையைப் பிடித்துக்கொண்டு மேலும் மேலே ஓடினார்கள், பிழைத்தார்கள். உங்கள் மாணவர்களுக்கு, ‘இந்த இடமும் போய்விட்டால் அடுத்து எங்கே?’ என்ற கேள்வியோடு ஒத்திகையை நடத்துங்கள்.

கேள்வி: எல்லா ஊரிலும் இன்னும் உயரமாகவே கட்டிவிடலாமே?

ஃபுதாய் கிராமத்தை 15.5 மீட்டர் வெள்ளக்கதவு காத்தது உண்மை. குறுகிய பள்ளத்தாக்கு என்பதால் அது அங்கே இயன்றது. நீண்ட கடற்கரைக்கெல்லாம் அது ஆகாது. எனவேதான் 2011க்குப் பின் ஜப்பான் இரண்டு அளவுகளை வகுத்துக்கொண்டது: சில பத்தாண்டுகள் முதல் நூற்றுச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வரக்கூடிய அலைக்குச் சுவர், அதை மிஞ்சும் மிகப் பெரிய அலைக்கு, சுவர் இருந்தாலும் மக்கள் வெளியேற வேண்டும்.