கார் நொறுங்கட்டும்

கேள்வி: லாரியும் காரும் நேருக்கு நேர் மோதினால் லாரியின் முகப்பு கொஞ்சம் நசுங்குகிறது, கார் அப்பளமாக நொறுங்குகிறது. இரண்டின் மீதும் செயல்படும் விசை சமம் என்கிறது நியூட்டனின் மூன்றாம் விதி. கண்ணை நம்புவதா, விதியை நம்புவதா?

பதில்: இரண்டையும் நம்புங்கள். கண்ணுக்குத் தெரிவது விசை அல்ல, அதன் விளைவு. லாரி 10,000 கிலோ, கார் 1,000 கிலோ, இரண்டும் மணிக்கு 36 கி.மீ., அதாவது நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் எதிரெதிரே வந்து மோதி, சிக்கிக்கொண்டு ஒன்றாக நகர்கின்றன என்று வைத்துக்கொள்வோம். மொத்த உந்தம் (நிறையை வேகத்தால் பெருக்கி, திசையையும் சேர்த்துக் கணக்கிடுவது) மாறாது என்பதால், லாரி வந்த திசையிலேயே இரண்டும் நொடிக்கு 8.2 மீட்டர் வேகத்தில் போகும். லாரியின் வேகம் 1.8 குறைந்தது, அவ்வளவுதான். காரோ முன்னோக்கி 10-ல் வந்து, பின்னோக்கி 8.2-ல் தள்ளப்படுகிறது. மாற்றம் 18.2. மோதல் 0.1 நொடி நீடித்தால் இரண்டின் மீதும் சராசரியாக 1,82,000 நியூட்டன். இதை அததன் நிறையால் வகுத்துப் பாருங்கள்: லாரியின் முடுக்கம், அதாவது ஒரு நொடிக்கு அதன் வேகம் மாறும் அளவு, 18 மீ/நொடி², காரின் முடுக்கம் 182. 60 கிலோ எடையுள்ள ஒருவர் லாரியில் இருந்தால் சுமார் 1,100 நியூட்டன் விசையைத் தாங்க வேண்டும். காரில் இருந்தால் 10,900.

மூன்றாம் விதியைப் பற்றிக் கேட்டுவிட்டீர்கள், என் பழைய வழக்கையும் சொல்லிவிடுகிறேன். மேசை மேல் புத்தகம், அதன் எடை வினை, மேசை தாங்கும் விசை எதிர்வினை என்று இன்னமும் சொல்லித் தருகிறார்கள். தவறு. அந்த இரண்டு விசைகளும் ஒரே பொருளின் மீது, அந்தப் புத்தகத்தின் மீது செயல்படுகின்றன. மூன்றாம் விதியின் ஜோடி எப்போதும் இரண்டு வெவ்வேறு பொருள்கள் மீது செயல்படும். பூமி புத்தகத்தை இழுத்தால், புத்தகம் பூமியை இழுக்கிறது, அதுதான் ஜோடி. சந்தேகம் இருந்தால் லிஃப்டில் ஏறுங்கள். 60 கிலோ மனிதரின் எடை 588 நியூட்டன். லிஃப்ட் மேல்நோக்கி 2 மீ/நொடி² முடுக்கத்தில் கிளம்பும்போது தரை அவரைத் தள்ளும் விசை 708 நியூட்டன். மூன்றாம் விதி ஒருநாளும் பொய்க்காது. அப்படியிருக்க 588-ம் 708-ம் எப்படி ஜோடியாகும்? மேடைப் பேச்சாளர்கள் செய்யும் தவறு வேறு: முதலில் வினை, பிறகு பழிவாங்க வரும் எதிர்வினை. முன்பின் எதுவும் கிடையாது. இரண்டும் ஒரே கணத்தில் பிறந்து ஒரே கணத்தில் மறைகின்றன.

இனி உங்கள் அப்பளத்துக்கு வருகிறேன். விபத்துச் செய்தி எழுதுபவர்கள் கைவிட மறுக்கும் சொல் அது. படிப்பவரும் ‘தகரம் தேறாது, பழைய வண்டிதான் உறுதி’ என்று முடிவு கட்டிவிடுகிறார். எனக்கு இது ஆறாத வருத்தம். காரின் மூக்கு நொறுங்க வேண்டும், அதற்காகத்தான் அது அப்படிச் செய்யப்படுகிறது. பேலா பாரேனி என்ற பொறியாளர் 1951-ல் காப்புரிமை கோரிய யோசனை இது: முன்பகுதியும் பின்பகுதியும் மடங்கட்டும், ஆள் உட்காரும் நடுக்கூடு மட்டும் விறைப்பாக நிற்கட்டும். 1959-ல் மெர்சிடிஸ் பென்ஸ் கார் ஒன்றில் அது நடைமுறைக்கு வந்தது. அதே 1959-ல்தான் நில்ஸ் போலின் வடிவமைத்த மூன்று முனை சீட் பெல்ட் வால்வோ கார்களில் வந்தது.

கணக்கு எளிது. வேகத்தின் வர்க்கத்தை, நிற்பதற்குள் கடக்கும் தூரத்தின் இருமடங்கால் வகுத்தால் முடுக்கம். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் ஒரு கார் சுவரில் மோதுகிறது. மூக்கு 60 செ.மீ. மடங்கினால், பெல்ட் போட்டவரும் காரோடு சேர்ந்து அந்த 60 செ.மீ. தூரத்தில் நிற்கிறார்: 231 மீ/நொடி², புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல சுமார் 24 மடங்கு. ஆரோக்கியமான உடல் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். ‘உறுதியான’ மூக்கு 10 செ.மீ. மட்டும் மடங்கினால் அது 142 மடங்கு. பெல்ட் போடாதவருக்கு மூக்கு மடங்கியும் பயனில்லை. கார் நின்றுகொண்டிருக்க, அவர் மட்டும் அதே 60 கி.மீ. வேகத்தில் போய் டேஷ்போர்டில் மோதி, ஐந்தாறு சென்டிமீட்டருக்குள் நிற்கிறார். 5 செ.மீ. என்றால் 283 மடங்கு. கூடு நசுங்கி உள்ளே வந்தால்தான் தகரத்தைத் திட்ட வேண்டும். மூக்கு நசுங்கியதற்கு அல்ல.

குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, கெட்டியாகப் பிடித்திருக்கிறேன் என்பவர்கள் இதே கணக்கைப் போடட்டும். 10 கிலோ குழந்தை, 231 மீ/நொடி²: 2,310 நியூட்டன். சுமார் 236 கிலோ மூட்டையைக் கையில் தாங்குவதற்குச் சமம், அதுவும் 0.07 நொடிக்குள், தசை விழித்துக்கொள்ளும் முன்பே. தன் பெல்ட்டுக்குள் குழந்தையையும் சேர்த்துக் கட்டுவது இன்னும் கொடுமை. 60 கிலோ பெரியவர் 13,900 நியூட்டன் விசையோடு முன்னே வர, நடுவில் குழந்தை நசுங்கும். குழந்தைக்கான தனி இருக்கையைப் பின் சீட்டில் இறுக்கிக் கட்டுங்கள், கைக்குழந்தை என்றால் பின்னோக்கிப் பார்க்கும்படி. ஏர்பேக் இயங்கும் முன் சீட்டில் அந்தப் பின்னோக்கிய இருக்கையை ஒருபோதும் வைக்காதீர்கள். ஏர்பேக் விரியும் வேகமே அதைக் குழந்தையோடு அடித்துத் தள்ளிவிடும்.