நல்லா வரையுற பொண்ணு சிற்பம் எடுத்தா டிராயிங் வீணாப் போயிடுமா?

மேடம், உங்க மெசேஜ் படிச்சேன். பொண்ணு சின்ன வயசுலேர்ந்து வரையுறா, இப்போ திடீர்னு பெயிண்டிங் வேணாம் ஸ்கல்ப்சர்தான் எடுப்பேன்னு அடம் பிடிக்கிறா, இத்தனை வருஷம் பழகின டிராயிங் என்னாகும்னு கவலைப்படுறீங்க. ஒண்ணும் ஆகாது. சொல்லப்போனா இனிமேதான் அதுக்கு நிஜமான வேலை.

பேப்பர்ல ஒரு தலையை வரையுறப்போ முன்னாடி தெரியுறதை வரைஞ்சா போதும், பின்மண்டை எப்படி இருந்தா நமக்கென்ன. களிமண்ல அப்படித் தப்பிக்க முடியாது, ஸ்டாண்டைத் திருப்பினா பின்மண்டை வந்து நிக்கும். அதனால சிற்பம் படிக்கிற பசங்க ஒரே பொருளைச் சுத்திச் சுத்தி வந்து வரைவாங்க, உள்ள போடுற ஆர்மேச்சர், அதாவது கம்பிக்கூடு, அதுக்கும் தனியா ஸ்கெட்ச் போடுவாங்க, எடை எந்தக் கால்ல இறங்குது, எங்க கம்பி தடிமனா வேணும்னு அங்கதான் முடிவாகும். அதுல முழங்கால் கொஞ்சம் தள்ளிப் போச்சுன்னா மண்ணு ஏத்தினப்புறம் கம்பி வெளிய துருத்திக்கிட்டு நிக்கும், செஞ்சதெல்லாம் பிரிக்கணும்.

ஹென்றி மூர்னு ஒரு இங்கிலாந்து சிற்பி 1940-41ல, குண்டுவீச்சுக்குப் பயந்து லண்டன் பாதாள ரயில் ஸ்டேஷன்ல படுத்துக்கிடந்த ஜனங்களை வரைஞ்சார், அதை பொண்ணோட உட்கார்ந்து நெட்ல பாருங்க. அவர் படங்கள்ல கோடு உடம்பு மேல நீளவாக்குல மட்டும் இல்லாம குறுக்காவும் வளைஞ்சு போகும், ஷேடிங் பெருசா இல்லாமலே உருண்டு திரண்டு தெரியும். உங்க பொண்ணு நோட்டுல இந்த மாதிரி குறுக்குக்கோடு தானா வருதான்னு பாருங்க, வந்தா அவ ஏற்கெனவே சிற்பியாத்தான் யோசிக்கிறா. வெறும் அவுட்லைனும் அழகான கண்ணும் மட்டும்தான்னா, சேரக்கூடாதுன்னு இல்ல, ஆனா முதல் வருஷம் கொஞ்சம் திணறுவா.

ஒரு ஆறுதலுக்குச் சொல்றேன், அமெரிக்கச் சிற்பி அலெக்சாண்டர் கால்டர் 1919ல மெக்கானிக்கல் இன்ஜினியரிங் முடிச்சுட்டு கலைக்கு வந்தவர், 1920கள்ல வெறும் கம்பியை வளைச்சே ஆள் முகமெல்லாம் செஞ்சார், பார்த்தா காத்துல பேனாவால வரைஞ்ச மாதிரி இருக்கும். அது டிராயிங்கா சிற்பமான்னு கேட்டா என்னத்தச் சொல்ல? இன்னொரு அமெரிக்கச் சிற்பி ரிச்சர்ட் செர்ரா நேர் தலைகீழ், பெரிய பெரிய ஸ்டீல் தகட்டுல சிற்பத்தைச் செஞ்சு முடிச்சப்புறம்தான் அதைப் பார்த்து வரைஞ்சார். ஆக முதல்ல டிராயிங் அப்புறம் சிற்பம்னு எந்தச் சட்டமும் இல்ல.

சரி, வேலைக்கு வருவோம், உங்களுக்கு அதானே முக்கியம். சிற்பம் வித்து மட்டும் வாழுறது கஷ்டம்தான், மெட்டீரியல் செலவு, இடம் வேணும், வருமானம் ஒரு மாசம் வரும் ஒரு மாசம் வராது, இதை மறைக்க மாட்டேன். ஆனா ரெண்டும் தெரிஞ்ச கைக்கு வேற கதவுகள் இருக்கு. கேம், அனிமேஷன்ல கேரக்டரை முன்பக்கம், சைடு, பின்பக்கம்னு வரைஞ்சுதான் 3டி மாடலுக்குப் போகும், அந்த டிஜிட்டல் ஸ்கல்ப்டிங்ல மண்ணுல கை வச்சவங்க சீக்கிரம் பிடிச்சுக்குவாங்க. கார் டிசைன் ஸ்டூடியோல ஸ்கெட்சைப் பார்த்து களிமண்ல மாடல் எழுப்புறதுக்குன்னே ஆள் இருக்காங்க. சினிமா ப்ராஸ்தெட்டிக் மேக்கப் (நடிகர் முகத்துல ஒட்டுற செயற்கை மூக்கு, தோல் மாதிரி), நகை டிசைன், மியூசியத்துல பழைய சிலைகளைப் பராமரிக்கிற வேலைன்னு இன்னும் போகும், கடைசியா சொன்னதுக்கு மேல்படிப்பு வேணும்.

இப்போதைக்கு அவளை ஒரு வேலை செய்யச் சொல்லுங்க. தன்னோட கையையே வரையட்டும், அதையே கம்பில செய்யட்டும், அப்புறம் அந்தக் கம்பியைப் பார்த்து திரும்ப வரையட்டும். கடைசிப் படம் முதல் படத்தைவிட மாறியிருக்கும், ரெண்டு படம், கம்பிக் கை, அந்த மூணையும் அப்படியே போர்ட்ஃபோலியோல, அதாவது அட்மிஷனுக்குக் காட்டுற தொகுப்புல வைக்கலாம். சொதப்பின ஸ்கெட்சைக் கிழிச்சுப் போட விடாதீங்க, இன்டர்வியூல எப்படி யோசிச்சான்னு கேட்டா காட்ட அதான் கைகொடுக்கும். சிற்பத்தை போட்டோ எடுக்கும்போது நேரா ஃபிளாஷ் அடிக்க வேணாம், எல்லாம் தட்டையாத் தெரியும், ஜன்னல் பக்கத்துல வச்சு சைடு வெளிச்சத்துல ஒரே உருவத்தை மூணு பக்கத்துலேர்ந்தாவது எடுங்க.