தொலையுணர்வில் பிஎச்.டி.: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கே: எம்.எஸ்சி. புவியியல் முடித்திருக்கிறேன். புரோகிராமிங் தெரியாது. தொலையுணர்வில் ஆய்வு செய்ய முடியுமா?

தாராளமாக. தொலையுணர்வு என்பது செயற்கைக்கோள் படங்களை வைத்து நிலத்தை ஆராய்வதுதான். தினமும் உட்கார்ந்தால் பைத்தான் என்ற கணினி மொழி சில மாதங்களில் கைக்கு வந்துவிடும். நிலத்தைப் பார்த்துப் புரிந்துகொள்ளும் கண் அவ்வளவு சீக்கிரம் வராது. ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்கள் இலவசம்தான். உங்கள் ஊர் ஏரியில் இருந்தே தொடங்குங்கள்.

கே: 'பள்ளிக்கரணைச் சதுப்புநில மாற்றங்கள்' என்று தலைப்பு யோசித்திருக்கிறேன். போதுமா?

இடம் அருமை. ஆனால் இதில் கேள்வி இல்லையே? அன்றும் இன்றும் என்று இரண்டு வரைபடம் போட்டு முடித்த வேலைகள் ஏற்கெனவே நிறைய இருக்கின்றன. கொஞ்சம் உள்ளே போய்ப் பாருங்கள். சதுப்பில் தண்ணீர் ஏறுவது வடகிழக்குப் பருவமழையில். அந்த மாதங்களில் மேகம் மூடிக்கொள்வதால் சென்டினல்-2 படம் பெரும்பாலும் உதவாது. சரி, மேகத்தை ஊடுருவும் சென்டினல்-1 ரேடாரை எடுத்துக்கொள்வோம். திறந்த நீர்ப்பரப்பு அதில் கறுப்பாகத் தெரியும். ஆனால் கோரையும் நாணலும் அடர்ந்த இடத்தில் அடியில் தண்ணீர் நின்றாலும் கறுப்பாகத் தெரியாது. கணினி அதைத் தரை என்று சொல்லிவிடும். செடிக்கு அடியில் மறைந்திருக்கும் தண்ணீர் எவ்வளவு? இதுதான் ஆய்வுக் கேள்வி.

2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவில் இருந்து ஏவப்பட்ட நாசா-இஸ்ரோ ரேடார் செயற்கைக்கோளான நிசார் இதற்குக் கைகொடுக்கும். அதன் எல்-பேண்ட் ரேடார் அலையின் நீளம் சுமார் 24 செ.மீ.; சென்டினல்-1க்கு 5.6 செ.மீ.தான். நீளமான அலை செடிகளுக்குள் இன்னும் ஆழமாகப் போகும். அப்புறம், செயற்கைக்கோள் கடக்கும் நாளிலேயே களத்தில் இறங்கி நீர்மட்டம் அளக்க வேண்டும். செயற்கைக்கோள் கடந்ததற்கும் நான் அளந்ததற்கும் நடுவில் ஒரு மழை பெய்துவிட்டதால் என் முதலாண்டு அளவீடுகளில் பாதியை ஒதுக்க வேண்டியதாயிற்று. வனத்துறை அனுமதிக்கும் இப்போதே எழுதிப் போடுங்கள்.

கே: எங்கே சேரலாம்?

அண்ணா பல்கலைக்கழகத் தொலையுணர்வு நிறுவனம், திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகம், திருவனந்தபுரம் ஐ.ஐ.எஸ்.டி. (விண்வெளி அறிவியல் கல்வி நிறுவனம்), மும்பை ஐ.ஐ.டி. ஆகியவற்றைப் பாருங்கள். நிறுவனத்தின் பெயரைவிட நெறியாளர்தான் முக்கியம். அவருடைய சமீபத்திய கட்டுரைகளைப் படித்துவிட்டு, அவரிடம் இப்போது ஆய்வு செய்பவர்களிடம் தனியாகப் பேசுங்கள். தயங்காமல் கேளுங்கள், உங்கள் வாழ்க்கையில் நாலைந்து வருடம் இது.

கே: உதவித்தொகை?

யு.ஜி.சி. அல்லது சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வு உதவித்தொகை) கிடைத்தால் முதல் 2 ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000. கிடைக்காவிட்டால் ஆய்வுத் திட்டப் பணியிடங்களுக்கு விண்ணப்பியுங்கள்.

கே: ஆய்வின் நடுவே குழந்தை பெற்றுக்கொண்டால் பதிவு போய்விடுமா?

போகாது. யு.ஜி.சி.யின் 2022 விதிகளில் 240 நாள் வரை மகப்பேறு விடுப்பு உண்டு. பெண்களுக்குக் கூடுதலாக 2 ஆண்டு அவகாசமும் தரலாம். கேட்பது உங்கள் உரிமை.

கே: ஐரோப்பாவுக்கு எப்படி எழுதுவது?

நெதர்லாந்திலும் ஜெர்மனியிலும் பிஎச்.டி. பெரும்பாலும் சம்பள வேலைதான். விளம்பரம் வரும்; தலைப்பையும் பெரும்பாலும் அவர்களே வைத்திருப்பார்கள். நெதர்லாந்தின் என்ஸ்கெடே நகரில் தொலையுணர்வு கற்பிக்கும் ஐ.டி.சி.யின் அறிவிப்புகளைக் கவனியுங்கள். ஒரே கடிதத்தை ஐம்பது பேருக்கு அனுப்பாதீர்கள். அவர்களுடைய எந்தக் கட்டுரையைப் படித்தீர்கள், அதில் எந்த இடத்தில் உங்களுக்குக் கேள்வி எழுந்தது என்று அரைப் பக்கத்தில் எழுதி, நீங்களே செய்த ஒரு வரைபடத்தையும் இணைத்து அனுப்புங்கள்.